பேய்க்கு ஹிட் பாயிண்ட் எழுதும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு,

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, டைஸ் உருட்டி ஆடும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளுக்குள் நம் ஊர்ப் பேய் பிசாசுகளைக் கொண்டுவர நீங்கள் முயல்வதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். டிராகனை வெட்டி வெட்டிக் கை சலித்துப்போனவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஆடிப் பார்க்கச் சொல்லி என்னிடம் தருகிற விதிப்புத்தகங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. நீலி, முனி, வேதாளம் என்று பெயர்தான் மாறுகிறது. எல்லாவற்றுக்கும் இத்தனை ஹிட் பாயிண்ட் (அடி வாங்க வாங்கக் குறையும் உயிர்க்கணக்கு), கீறினால் இவ்வளவு சேதம். அடித்தால் சாகும், அவ்வளவுதான்.

பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர்க் கதை. முற்பிறவியில் தன்னைக் கொன்றவன் இப்போது வணிகனாக வருகிறான். கையில் மந்திரக் கத்தி இருப்பதால் அவனை நெருங்க முடியாது. நீலி என்ன செய்கிறாள்? கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையில் போய் அழுகிறாள். இவர் என் புருஷன், என்னைத் தவிக்க விட்டுப் போகிறார் என்கிறாள். குழந்தையும் அவனைப் பார்த்து ‘அப்பா’ என்று தாவுகிறது. வேளாளர் எழுபது பேரும் அவளை நம்பி, அவன் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று வாக்குக் கொடுத்து இருவரையும் ஒன்றாகத் தங்கவைக்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதில் சண்டை நடப்பதே பஞ்சாயத்தில்தான். நான் ஆட்டம் நடத்தினால் நீலிக்கு ஹிட் பாயிண்டே தரமாட்டேன். சபையில் எத்தனை பேர் அவளை நம்புகிறார்களோ, அதுதான் அவள் பலம். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரிடமாகப் பேசி மனத்தை மாற்ற வேண்டும். யாராவது ‘நான் பிணை’ என்று வாயை விட்டால் அந்த வாக்கு விதிப்படி கட்டும். வணிகன் செத்தால் பிணை நின்ற கதாபாத்திரமும் போச்சு, டைஸ் உருட்டியெல்லாம் தப்பிக்க முடியாது.

இந்த வகை விளையாட்டுகளில் பேர்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1977 மான்ஸ்டர் மேனுவல் என்ற அரக்கர் பட்டியல் புத்தகத்தில் ராட்சசன் புலித்தலையோடு பைப் பிடித்துக்கொண்டிருப்பான். (படம் எனக்குப் பிடித்த படம்தான், மறைப்பானேன்.) மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்று பட்டால் உடனே செத்துவிடுவான். 1974இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ஒரு பேய்த்தொடரிலும் ராட்சசனை அப்படித்தான் கொல்வார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கைக்குக் கிடைத்ததை வைத்து எழுதினார்கள். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

கலிங்கத்துப்பரணி கையருகே இருக்கிறதே! போர் முடிந்த களத்தில் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துப் பந்தி போடுகின்றன. பந்தியில் குருட்டுப் பேய் இருக்கிறது, ஊமைப் பேய் இருக்கிறது, கர்ப்பிணிப் பேய் இருக்கிறது. ஒரு வேளை மட்டும் உண்ணும் சமணப் பேய்க்கு, முடி கிடக்கிறதா என்று பார்த்து, நிணத்தையே துணியாக்கிக் கூழை வடித்து ஊற்றச் சொல்கிறார் செயங்கொண்டார். செத்தும் ஆசாரம் விடவில்லை பாருங்கள்! தெரியாமல் அந்தப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்ட நாலு ஆட்டக்காரர்களை யோசித்துப் பாருங்கள். வாளை உருவினால் களத்துப் பேய் மொத்தமும் எழுந்துவிடும். பசியாறும்வரை பரிமாறிக்கொண்டிருந்தால் ஒருவேளை பிழைக்கலாம். இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு இதுவே தாராளம்.

அதனால் அடுத்த புத்தகத்தில் ஒவ்வொரு பேய்க்கும் அது என்ன தின்னும், என்ன கேட்கும், எதற்குக் கட்டுப்படும் என்பதை முதலில் எழுதுங்கள். சேதக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீலியின் பஞ்சாயத்தை ஆடிப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் சொல்லியனுப்புங்கள், வருகிறேன். பிணை மட்டும் நிற்கமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் சக ஆட்டக்காரன்