ஜப்பான் பிரதமரைத் தேர்ந்தெடுப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் ஆட்சி மாறும்போதெல்லாம் தமிழ் நாளிதழ்ச் செய்திகளில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. கட்சித் தலைவர் தேர்தலைப் பிரதமர் தேர்தல் என்று எழுதிவிடுகிறார்கள். சில சமயம் ‘ஜப்பான் அதிபர்’ என்றே தலைப்பு வந்துவிடுகிறது. அப்படி ஒரு பதவியே அங்கு இல்லை. பெங்களூரு அருகே பிடதியிலும் நரசாபுராவிலும் ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். நாளும் அந்த நாட்டவரோடு பழகும் அவர்களுக்கு இந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதால் இதை எழுதுகிறோம்.

2024 செப்டம்பர் 27-ஐ எடுத்துக்கொள்வோம். அன்று நடந்தது ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியின் தலைவர் தேர்தல். ஓட்டுரிமை அக்கட்சியின் எம்.பி.க்கள் 368 பேருக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும் மட்டுமே. நாடு முழுவதும் உறுப்பினர்கள் போட்ட ஓட்டையெல்லாம் கூட்டி, அதையும் 368 ஓட்டாகக் கணக்கிட்டு, விகிதப்படி பிரித்தார்கள். ஒன்பது பேர் களத்தில் நின்றனர். தகாயிச்சி சனாயே 181, இஷிபா ஷிகெரு 154. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை என்பதால் முதல் இருவருக்கும் இரண்டாம் சுற்று. அந்தச் சுற்றில் கணக்கே வேறு. எம்.பி.க்களின் 368 ஓட்டு அப்படியே இருக்கும். உறுப்பினர்களின் பங்கு மாகாணத்துக்கு ஒன்று வீதம் 47 ஆகக் குறைந்துவிடும். முதல் சுற்றில் 46 எம்.பி.க்கள் மட்டுமே ஆதரித்த இஷிபாவுக்கு இரண்டாம் சுற்றில் 189 எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள். முடிவு: இஷிபா 215, தகாயிச்சி 194. இதை ‘ஜப்பான் மக்கள் தீர்ப்பு’ என்று எழுதினால் எப்படிச் சரியாகும்?

இஷிபா அன்று கட்சித் தலைவர் ஆனாரே தவிர, பிரதமர் ஆகவில்லை. அரசியல் சட்டத்தின் 67-வது பிரிவுப்படி பிரதமரைத் தேர்வது நாடாளுமன்றம். இரு அவைகளும் தனித்தனியே ஓட்டெடுக்கும். முடிவு வேறுபட்டால் கீழவை சொன்னவரே பிரதமர். 1998, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மேலவை எதிர்க்கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. மூன்று முறையும் கீழவையின் முடிவே நின்றது.

இஷிபா அக்டோபர் 1-ல் பிரதமரானார், 9-ம் தேதி கீழவையைக் கலைத்தார். 27-ம் தேதி பொதுத்தேர்தல். மொத்தம் 465 இடம். பெரும்பான்மைக்கு 233 வேண்டும். அவருடைய கட்சிக்கு 191, கூட்டணிக் கட்சியான கோமெய்தோவுக்கு 24, ஆக 215 தான். பொதுத்தேர்தலுக்குப் பின் நாடாளுமன்றம் முதன்முறை கூடும்போது, ஜெயித்தாலும் தோற்றாலும் அமைச்சரவை முழுவதும் ராஜினாமா செய்தாக வேண்டும் என்பது 70-வது பிரிவு. ஆகவே நவம்பர் 11-ல் மறுபடி பிரதமர் தேர்வு. கீழவையில் இந்த ஓட்டு ரகசியமானதல்ல. ஒவ்வொரு உறுப்பினரும் தன் பெயரையும் தான் விரும்பும் பெயரையும் சீட்டில் எழுதி, பெயர் கூப்பிட்டதும் மேடைக்குப் போய்க் கொடுப்பார். அன்றும் யாருக்கும் பாதி கிடைக்காமல் இரண்டாம் சுற்று வந்தது. முப்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை. இஷிபாவுக்கு 221, எதிர்க்கட்சித் தலைவர் நோதா யோஷிஹிகோவுக்கு 160, செல்லாதவை 84. களத்தில் இருந்த இருவரை விட்டுவிட்டுத் தங்கள் கட்சித் தலைவர் பெயரையே எழுதிப் போட்டவர்களின் சீட்டுகள் செல்லாமல் போயின. இரண்டாம் சுற்றில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் பிரதமர், பெரும்பான்மை தேவையில்லை. சிறுபான்மை அரசு அங்கே அமைவது இப்படித்தான்.

மறு ஆண்டு நடந்தது இதைவிடத் தெளிவான பாடம். 2025 அக்டோபர் 4-ல் தகாயிச்சி கட்சித் தலைவரானார். பல செய்திகள் அன்றே அவரைப் பிரதமராக்கிவிட்டன. 10-ம் தேதி கோமெய்தோ கூட்டணியை முறித்துக்கொண்டு வெளியேறியது. அதன்பின் பத்து நாள் பேரம். 20-ம் தேதி இஷின் கட்சியோடு ஒப்பந்தம். அமைச்சரவையில் சேராமல் ஆதரவு தர அது இசைந்தது. 21-ம் தேதி கீழவையில் 237 ஓட்டு பெற்ற பிறகுதான் அவர் ஜப்பானின் முதல் பெண் பிரதமர். இடையில் 17 நாள் பிரதமராக இருந்தவர் இஷிபா.

பேரரசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பிரதமரை நியமிக்கிறார் என்பது உண்மை, ஆனால் நம் குடியரசுத் தலைவரோடு ஒப்பிடக் கூடாது. தொங்கு நாடாளுமன்றம் வந்தால் யாரை முதலில் அழைப்பது என்று நம் குடியரசுத் தலைவர் யோசிக்கலாம். மசோதாவை ஒரு முறை திருப்பி அனுப்பலாம். பேரரசருக்கு இரண்டும் கிடையாது. ஆட்சி சம்பந்தமான அதிகாரம் எதுவும் அவருக்கு இல்லை என்று 4-வது பிரிவு நேராகவே சொல்கிறது.

மேலவை விஷயத்தில்தான் நம் செய்திகள் அதிகம் தடுமாறுகின்றன. மாநிலங்களவை மாதிரி அது மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கப்படும் அவையல்ல. 248 உறுப்பினர்களும் மக்கள் ஓட்டில் வருபவர்கள், ஆறாண்டு பதவி, மூன்றாண்டுக்கு ஒருமுறை பாதிப்பேருக்குத் தேர்தல். அதைக் கலைக்க யாராலும் முடியாது. அங்கே பெரும்பான்மை இழந்தால் சட்டப்படி ஆட்சி கவிழாது, ஆனால் ஆட்சி நடத்துவது பெரும்பாடாகிவிடும். இந்த நிலைக்கு ‘நெஜிரே கொக்கை’, முறுக்கிக்கொண்ட நாடாளுமன்றம், என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

காரணம் இதுதான். பட்ஜெட்டை மேலவை 30 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதன்பின் கீழவை நிறைவேற்றியதே இறுதி. அங்கும் நிதியாண்டு நம்மைப் போல ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. எனவே மார்ச் 2-க்குள் கீழவையில் நிறைவேறிவிட்டால் அரசு நிம்மதியாக மூச்சு விடலாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு பட்ஜெட்டுக்கும் வெளிநாட்டு ஒப்பந்தங்களுக்கும்தான், சாதாரண மசோதாவுக்கு இல்லை. வரி விதிக்கும் சட்டம் அங்கே சாதாரண மசோதா. நம் நாட்டில் அது பண மசோதா, மாநிலங்களவை 14 நாளில் திருப்பியாக வேண்டும். ஜப்பானில் மேலவை 60 நாள் கிடப்பில் போடலாம். அதற்குப் பிறகும் கீழவை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு மறுபடி நிறைவேற்றினால்தான் சட்டமாகும்.

2008-ல் இது பெட்ரோல் பங்க் வரை வந்தது. லிட்டருக்கு 25.1 யென் கூடுதல் வரி விதித்த தற்காலிகச் சட்டம் மார்ச் 31-ல் காலாவதி. நீட்டிப்பு மசோதாவைக் கீழவை பிப்ரவரி 29-ல் நிறைவேற்றி அனுப்பியது. எதிர்க்கட்சிகள் கையில் இருந்த மேலவை அதை ஓட்டெடுப்புக்கு விடவே இல்லை. ஏப்ரல் 1-ல் விலை இறங்கியது. அந்த வரி பெட்ரோல் ஆலையைவிட்டு வெளியேறும்போதே கட்டப்படுவது. எனவே பழைய வரி கட்டிய சரக்கைத் தொட்டியில் வைத்திருந்த பங்க்காரர்கள் புது விலைக்கு விற்று நஷ்டத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. 60 நாள் முடிந்ததும், ஏப்ரல் 30-ல் கீழவை மூன்றில் இரண்டு பங்கோடு மறுபடி நிறைவேற்றியது. அன்று பங்க்குகளில் நீண்ட வரிசை, மறுநாள் வரி திரும்பியது. 2005 தேர்தலில் கிடைத்த பெரும் பலம் அப்போதும் கையில் இருந்ததால் அந்த அரசால் இதைச் செய்ய முடிந்தது. அந்தப் பலம் இல்லாத பிரதமர் கான் நவோதோ, 2011-ல் அரசு கடன் வாங்க வழிசெய்யும் கடன் பத்திர மசோதா முதலியவை நிறைவேறியதும் பதவி விலகுவதாகச் சொல்லி, அப்படியே விலகினார்.

உயர் பதவி நியமனங்களில் இந்த மூன்றில் இரண்டு வழிகூடக் கிடையாது. இரு அவைகளும் சம்மதித்தே ஆக வேண்டும். அதே 2008-ல் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் ஜப்பானின் தலைவர் நாற்காலி மூன்று வாரம் காலியாகக் கிடந்தது இதனால்தான்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு உள்ளாட்சி முறையே அதிகம் உறைக்கும். இங்கே மேயரை மாமன்றம் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுத்து வந்தது. 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்ததும், ஆண்டுக்கணக்கில் அதிகாரிகள் கையில் நகரம் போயிற்று. ஜப்பானில் 47 மாகாணங்களின் ஆளுநர்களையும் ஊர் மேயர்களையும் மக்களே நேரடியாக நான்காண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஆளுநர் என்றால் டோக்கியோ அரசு அனுப்பி வைத்தவர் அல்ல. நம் முதலமைச்சருக்குச் சமமாகப் பார்க்க வேண்டியவர். மாகாண மன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினால் பத்து நாளுக்குள் அவர் மன்றத்தைக் கலைக்க வேண்டும், அல்லது பதவி போகும். 2024 செப்டம்பரில் ஹியோகோ மாகாண மன்றம் ஏகமனதாக அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆளுநர் சைத்தோ மோதோஹிகோ மன்றத்தைக் கலைக்காமல் பதவியை இழந்தார். நவம்பர் 17-ல் நடந்த தேர்தலில் நின்று மக்கள் ஓட்டில் திரும்பி வந்தார்.

தங்கள் செய்திப் பிரிவுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியதுதான். கட்சித் தேர்தல் முடிந்த அன்று ‘கட்சித் தலைவர்’ என்றும், கீழவை ஓட்டெடுப்பு முடிந்த பிறகு ‘பிரதமர்’ என்றும் எழுதுங்கள். மேலவைத் தேர்தல் முடிவோடு, ஆளுங்கட்சிக்குக் கீழவையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 310 இடம், இருக்கிறதா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துப் போடுங்கள். ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ‘ஷிகெரு’ என்று மட்டும் போட்டால் இஷிபாவைச் சொல்கிறீர்கள் என்று அங்கே யாருக்கும் புரியாது.

இப்படிக்கு,
ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்கள் இருவர்,
அல்சூர், பெங்களூரு.