எந்த வைரஸ் என்று எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த ‘வைரஸை மூச்சில் இழுத்து நுரையீரல் நோயைத் தீர்க்கலாம்’ என்ற செய்தியை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் பக்கத்து வீட்டு அண்ணன். ஜெலுத்தோங் ஒட்டுக்கடையில் நான் பசியாறிக்கொண்டிருந்தேன். அவருக்கு 71 வயது. நாற்பது வருட சிகரெட். இரண்டு மாடி ஏறினால் இளைப்பு. “தம்பி, நீ லேப்ல இருந்தவன்தானே, இது எனக்கு எப்போ கிடைக்கும்?” என்றார். என் ரொட்டிச் சானாய் ஆறிப்போனது.

கிடைக்காது அண்ணே என்றுதான் சொல்ல முடிந்தது. இந்த ஆராய்ச்சி பெரும்பாலும் குறிவைத்தது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயை. ஒரே ஜீன் பழுதானதால் வருவது. நல்ல ஜீனை ஒரு வைரஸில் ஏற்றி, மூச்சு வழியாக நுரையீரல் செல்லுக்குள் அனுப்புவதுதான் யோசனை. அந்த ஜீனை 1989இல் கண்டுபிடித்தார்கள். வெள்ளைக்காரர்களிடம் அதிகம், நம்மவர்களிடம் அபூர்வம். புகையால் கெட்ட நுரையீரலுக்கு அப்படி மாற்றிவைக்க ஒற்றை ஜீன் இல்லை.

சரி, அதை விடுங்கள். ‘கெடுதல் இல்லாத ஒரு வைரஸ்’ என்று போட்டிருந்தீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எந்த வைரஸ்? 1993இல் நோயாளிகளிடம் முதலில் சோதித்தது சளிக்காய்ச்சல் தரும் அடினோவைரஸை. ஜீனை ஏற்ற இடம் தாராளம். ஆனால் உடம்பு அதை எதிரியாகப் பார்த்து வீக்கத்தைக் கிளப்பும், அடுத்த முறை உள்ளேயே விடாது. போதாததற்கு, அது பிடித்து ஏறும் கைப்பிடி மூச்சுக்குழாய்ச் செல்லின் அடிப்பக்கத்தில் இருக்கிறது, காற்று படும் பக்கத்தில் இல்லை. 1999இல் அமெரிக்காவில் ஜெசி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன் இறந்ததும் இதே வைரஸைச் செலுத்தியதால்தான். அது கல்லீரல் சோதனை, நுரையீரல் அல்ல. இருந்தாலும் ‘கெடுதல் இல்லாத’ என்று எழுதக் கை கொஞ்சம் தயங்கவேண்டாமா?

அப்புறம் ஏஏவி, அடினோவைரஸோடு ஒட்டிவரும் ஒரு குட்டி வைரஸ். நோய் எதுவும் தராது, ஆனால் இடம் குறைவு, நம் பினாங்கு ஃபெரி மாதிரி. முன்பு லாரிகூட ஏறும். இப்போது ஆளும் மோட்டார் சைக்கிளும்தான். ஏஏவி சுமப்பது ஏறக்குறைய 4,700 டிஎன்ஏ எழுத்து. அந்த ஜீனுக்கே சுமார் 4,400 போய்விடும். அதை ஓடவைக்கும் சுவிட்சுக்கு எங்கே இடம்? நெபுலைசரில் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள், மூச்சு முன்னேறவில்லை. மேல்செல்கள் உதிர்ந்து புதிதாக முளைக்கும்போது போட்ட ஜீனும் சேர்ந்து போய்விடும்.

லென்டிவைரஸ் எச்ஐவி குடும்பம். சுமார் 8,000 எழுத்து தாங்கும், குரோமோசோமிலேயே போய் உட்காரும், செல் பிரிந்தாலும் கூடவே வரும். உட்காரும் இடம் தவறினால் புற்றுநோய்ப் பயம். காற்றுப் பக்கமாக நுழையத் தெரியாததால், எலிகளைப் பிடிக்கும் செண்டாய் வைரஸின் மேலுறைப் புரதங்களைச் சட்டையாக அதற்கு மாட்டியிருக்கிறார்கள் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள். செய்தியாக்க வேண்டியது அந்தச் சட்டைக் கதையைத்தான்!

அடுத்த முறை எந்த வைரஸ், எந்த நோய், எத்தனை தடவை கொடுக்கலாம் என்று மூன்று வரி சேர்த்துப் போடுங்கள். அண்ணன் அந்தத் துண்டைத் தூக்கிப்போடவில்லை. வியாழக்கிழமை கிளினிக்கில் டாக்டரிடம் காட்டப்போகிறாராம்.

ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியன்,
ஜெலுத்தோங், பினாங்கு