குத்தகை நீட்டிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

சனநாயக நாடுகள் தமக்குள் போரிடுவதில்லை, ஆகவே சனநாயகம் பரவினால் சமாதானமும் பரவும் என்று சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். நாடுகளுக்கிடையே அப்படி இருக்கலாம். ஒரே நாட்டுக்குள்? 1931 இலேயே சர்வசன வாக்குரிமை பெற்ற இலங்கையில் 26 ஆண்டுகள் போர் நடந்ததே!

நான் தபாற்காரனாக இருந்தவன். 1982 மார்கழியில் யாழ்ப்பாணத்து மயிலிட்டிப் பக்கம் சைக்கிளில் வாக்காளர் அட்டை கொடுத்துக்கொண்டு போனேன். படலையில் நின்ற ஆச்சி ஒருவர் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஐப்பசியிலும் ஒன்று தந்தாயே தம்பி, இது யாரைத் தெரிவுசெய்ய?"

"ஒருவரையும் இல்லை, ஆச்சி. இருக்கிற பாராளுமன்றம் தேர்தல் இல்லாமல் இன்னும் ஆறு வருடம் இருக்கலாமா என்று கேட்கிறார்கள். சம்மதம் என்றால் விளக்கு, இல்லையென்றால் குடம்."

"குத்தகை முடிந்தவன் காணியை விடாமல் தானே உறுதி எழுதிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறதே!"

யாழ்ப்பாண மாவட்டத்தில் 90 வீதத்துக்கு மேல் குடத்துக்கே புள்ளடி விழுந்தது. நாடு முழுவதும் எண்ணியபோது 54 வீதத்தோடு விளக்கு வென்றது. 1977 இல் 168 ஆசனங்களில் 140 பிடித்த ஆளும் ஐக்கிய தேசியக் கட்சி, அந்தப் பலத்தை 1989 வரை கையில் வைத்துக்கொண்டது. 1983 ஆடியில் தமிழருக்கு எதிரான கலவரம். ஆவணியில் அரசியலமைப்புக்கு ஆறாம் திருத்தம். தனிநாடு கேட்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள், எதிர்க்கட்சித் தலைவர் உட்பட, ஆசனம் இழந்தார்கள். பிறகு எங்கள் பையன்களிடம் "வாக்குப் போட்டுப் பார்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

துப்பாக்கி தூக்கியவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1983 வைகாசியில் உள்ளூராட்சித் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னவர்கள் அவர்கள்தான். வாக்குப்பெட்டி இரு தரப்புக்கும் கசந்தது.

1990 இல் மயிலிட்டி ஊரோடு இடம்பெயர்ந்தது. 2017 இல் இராணுவத்திடமிருந்து துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது போனேன். ஆச்சியின் படலையைத் தேடினால் ஒழுங்கையையே காணவில்லை. பற்றைக்குள் ஒரு கிணற்றுக்கட்டு மட்டும் தெரிந்தது. அது அவர் வீட்டுக் கிணறுதானா என்று சொல்ல அங்கே ஆளில்லை.

ஆகவே, ஒரு நாட்டில் தேர்தல் உண்டா என்று மட்டும் பார்க்காமல், குறித்த நாளில் நடக்கிறதா என்றும் பேராசிரியர் பார்க்கவேண்டும். தென் சூடானில் 2024 மார்கழித் தேர்தலை 2026 க்குத் தள்ளினார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. இங்கே 2023 இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், காசில்லை என்று 2025 க்குப் போனது. வட மாகாண சபையின் காலம் 2018 ஐப்பசியில் முடிந்தது, அன்றிலிருந்து ஆளுநர்தான்.

உங்கள் பத்திரிகையில் இராசிபலனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, மாகாண சபை இல்லாமல் எத்தனை நாள் ஆயிற்று என்று நாள்தோறும் போடமுடியுமா?

இளைப்பாறிய தபாற்காரர்,
சுன்னாகம்.