கத்தி வாங்கும் முன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. இங்கும் எல்லோரும் சுகம். மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள் என்பதும், இந்த விடுமுறையில் அவளையும் கூட்டிக்கொண்டு காட்டில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறாய் என்பதும் மிகுந்த சந்தோஷம். அதற்காக 18 செ.மீ. அலகும் 6 மி.மீ. கனமும் உள்ள கத்தி ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாமப்பா. ஏன் வேண்டாம், எதை வாங்கலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முகாமில் கத்திக்கு என்ன வேலை என்று முதலில் எண்ணிப் பார். கயிறு அறுக்க வேண்டும், கூடாரத்துக்கு முளை சீவ வேண்டும், அடுப்பு மூட்ட விறகைச் சீவிச் சுருள் எடுக்க வேண்டும், காய் நறுக்க வேண்டும், பொட்டலம் பிரிக்க வேண்டும். மரம் சீவும் வேலை முழுக்க பிடியை ஒட்டிய மூன்று நான்கு செ.மீ. அலகிலேயே முடிந்துவிடும். கைக்கு அருகே இருக்கும் இடத்தில்தான் அழுத்தமும் கட்டுப்பாடும் கிடைக்கும். மீதி நீளம் நறுக்கும்போது உதவும், அவ்வளவுதான். பெரிய கத்தி வாங்குகிறவர்கள் அதை வெட்டுக்கத்தியாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். கோடாலியில் எடை தலையில் இருக்கிறது. கத்தியில் எடை நீளம் முழுக்கப் பரவி இருக்கிறது. அதனால் 6 மி.மீ. கத்தியை ஓங்கி வெட்டினாலும் சின்னக் கோடாலியின் வேலையில் பாதி நடக்காது. சீவப் போனாலோ ஆப்பு போல மரத்தில் சிக்கிக்கொண்டு நிற்கும். கேரட்டை அதால் நறுக்கிப் பார், அலகு பாதி இறங்குவதற்குள் படக்கென்று பிளந்துவிடும். தடித்த விறகுக்கு ஒரு மடக்கு ரம்பம் எடுத்துக்கொள். கத்தியைக் கத்தியின் வேலைக்கு விடு.

அலகு 9 முதல் 11 செ.மீ., முதுகுக் கனம், அதாவது வெட்டும் விளிம்புக்கு எதிர்ப்பக்கத்தின் தடிமன், 2.5 முதல் 3.5 மி.மீ. இந்த வரம்புக்குள் தேடு. ஸ்வீடனின் மோராக்னிவ் நிறுவனத்துக் கம்பேனியன் கத்தியை எடுத்துக்கொள். அலகு 10 செ.மீ.க்குச் சற்று மேல், கனம் 2.5 மி.மீ. பார்க்க எளிமையானது, ஆனால் சீவுவதிலும் நறுக்குவதிலும் தன்னைவிட இரண்டு மடங்கு தடிமனான கத்திகளைப் பின்னால் தள்ளிவிடும். அதே நிறுவனத்தின் கார்பெர்க் 3.2 மி.மீ. கனம், எஃகு பிடியின் அடிவரை போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தால் போதும். பிராண்டு எதுவாகவும் இருக்கட்டும்.

முதுகுக் கனத்தைவிட முக்கியமான கனம் ஒன்று இருக்கிறது, அதை விளம்பரத்தில் போடமாட்டார்கள். தீட்டிய விளிம்புக்கு நேர் மேலே அலகு எவ்வளவு தடிமன் என்பதுதான் அது. அங்கே அரை மி.மீ.யை ஒட்டி இருந்தால் கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு மி.மீ. இருந்தால், சவரக்கத்தி போலத் தீட்டி வைத்தாலும் மரத்தில் முரண்டு பிடிக்கும். விளிம்பு கூராக இருப்பதும் கத்தி நன்றாக வெட்டுவதும் ஒன்றல்ல என்பதற்குக் காரணம் இதுதான். தடிமன் அளக்கும் காலிப்பர் கருவி இருந்தால் அளந்து பார்; இல்லாவிட்டால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அலகின் இரு பக்கமும் வைத்து முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல வழித்து, விளிம்புக்குச் சற்று முன்பே நிறுத்து. மெலிந்துகொண்டே போவது விரலுக்குத் தெரிய வேண்டும்.

இந்த மெலிவை எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்பதில் வகைகள் உண்டு. முதுகிலிருந்தே இரு பக்கமும் நேராகச் சரிந்து வரும் தட்டை அலகு எல்லா வேலைக்கும் பொதுவானது. நறுக்கவும் நல்லது, சீவவும் நல்லது. ஸ்காண்டி வகையில் அலகு பாதிவரை ஒரே கனமாக வந்து, பிறகு ஒரே அகலமான சரிவில் விளிம்பு வரை போகும். அந்தச் சரிவு முழுவதையுமே தீட்டுவதால், மேலே சொன்ன அரை மி.மீ. கணக்கு இதற்குப் பொருந்தாது. அந்தச் சரிவை மரத்தின் மேல் படிய வைத்துத் தள்ளினால் சீவல் ஒரே கனத்தில் சுருண்டு வரும். கல்லிலும் அப்படியே படிய வைத்துத் தேய்க்கலாம், கோணம் தேட வேண்டியதில்லை. உன் மகளுக்கென்று தனியாக ஒன்று வாங்குவதானால் இதையே வாங்கு. தீட்டக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய வடிவம் கிடையாது. குறை என்னவென்றால் தடித்த காயை நறுக்கும்போது பிளக்கும், கடினமான கணுவில் விளிம்பு நெளியக்கூடும். புடைத்த சரிவு கொண்ட கான்வெக்ஸ் அலகு உறுதியானது, ஆனால் தட்டைக் கல்லில் தீட்டக் கை பழக வேண்டும். உள்வாங்கிக் குழிந்த அலகு மரவேலைக்கு ஆகாது.

எஃகைப் பற்றி நிறைய பேர் நிறைய பேசுவார்கள். உனக்குத் தேவையானது இவ்வளவுதான். 1095 போன்ற கார்பன் எஃகில் சுமார் 0.95 சதவீதம் கார்பன், குரோமியம் கிட்டத்தட்ட இல்லை. சுலபமாகக் கூராகும், முதுகைச் சக்கிமுக்கிக் கல்லில் உரசினால் பொறியும் நன்றாக வரும், ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் துரு. ஸ்வீடனின் 12சி27 போன்ற ஸ்டெயின்லெஸ் எஃகில் குரோமியம் 13.5 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. துரு லேசில் வராது, கூர் நிற்பதிலும் முகாம் வேலைக்குக் குறையொன்றும் தெரியாது. மழையிலும் கடற்கரையிலும் தங்குவாய் என்றால் யோசிக்காமல் ஸ்டெயின்லெஸ். அதுவும் உப்புத் தண்ணீரில் கறைபடும் என்பதை மட்டும் மறந்துவிடாதே. கடினம் ராக்வெல் சி அளவில் 57 முதல் 60 வரை இருந்தால் சரி. அதற்குக் கீழே போனால் விளிம்பு மடங்கும், மிகவும் மேலே போனால் கணுவில் பட்டுத் தெறிக்கும்.

அலகின் எஃகு பிடிக்குள் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று கட்டாயம் பார். உள்ளே இறங்கும் அந்தப் பகுதியை டேங் என்பார்கள். கத்தி உடைவது பெரும்பாலும் அலகும் பிடியும் சேரும் இடத்தில்தான். அகலமான அலகு திடீரென்று எலிவால் போல ஒடுங்கி, அந்த மூலை சதுரமாக வெட்டப்பட்டிருந்தால், தட்டும் ஒவ்வொரு அடியின் விசையும் அந்த மூலையில் போய்ச் சேரும். ஒருநாள் கீறல் விடும். மூலை வளைவாக உருட்டப்பட்டிருந்தால் இந்த ஆபத்து குறைவு. பிடியின் அகலத்துக்கே எஃகு அடிவரை ஓடும் ஃபுல் டேங் மிக உறுதி, ஆனால் எடை கூடும், குளிரில் பிடியின் ஓரத்தில் எஃகு கையைச் சில்லிட வைக்கும். முக்கால் பிடி வரை போகும் அகலமான டேங் சாதாரண வேலைக்கு ஏராளம். பிடிக்குள் தீப்பெட்டியும் தூண்டிலும் வைக்கக் குழாய் போல வெறுமையாகச் செய்த கத்திகள் வரும், அவற்றைப் பெரும்பாலும் ஒரு நட்டுதான் தாங்கிக்கொண்டிருக்கும். தொடாதே.

இனி பிடி. அலகில் செலவிடும் யோசனையைவிட இதற்கு அதிகம் செலவிடு. பிடி 11 முதல் 12 செ.மீ. நீளம், குறுக்கே வெட்டினால் முட்டை வடிவம். முழு வட்டமாக இருந்தால் இருட்டில் விளிம்பு எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது, சுழன்றும் போகும். தட்டையாக, ஓரங்கள் கூராக இருந்தால் அரை மணி நேரம் சீவியதும் உள்ளங்கையில் கொப்புளம். எங்கே வலிக்கும் என்று கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பிடியை இறுக்கிப் பிடித்து, மரம் சீவுவது போலக் கையை முன்னும் பின்னும் இருபது முப்பது முறை ஆட்டிவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார். சிவந்த கோடு விழுந்த இடம்தான் நாளைக்குக் கொப்புளம் வரும் இடம். விரல்களுக்கென்று நான்கு குழி வெட்டிய பிடி, அதைச் செய்தவரின் விரலுக்கு மட்டும்தான் பொருந்தும். பிடியை மாற்றிப் பிடிக்கவும் விடாது. உன் கையும் மகள் கையும் வேறு வேறு அளவு, ஆகவே குழியில்லாத பிடியாக எடு. ஆள்காட்டி விரல் அலகின் மேல் வழுக்காதபடி முன்னால் சிறு மேடு மட்டும் இருக்கட்டும். மரப்பிடி கைக்கு இதமானது, ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், வருஷத்துக்கு ஒருமுறை ஆளி விதை எண்ணெய் கேட்கும். துணியைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்த மைகார்ட்டா ஈரத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ரப்பர் மழைக்கு நல்லது, சில வகை ரப்பர் கொசு விரட்டும் மருந்து பட்டால் பிசுபிசுக்கும்.

முதுகு சதுர ஓரத்தோடு இருக்க வேண்டும். அந்த ஓரத்தால்தான் தீப்பொறிக் குச்சியை, அதாவது உரசினால் பொறி சிந்தும் உலோகக் குச்சியை, உரசுவாய். விளிம்பால் உரசினால் கூர் போய்விடும். கறுப்புப் பூச்சு அடித்த அலகானால் முதுகில் பூச்சு இருக்கிறதா என்று பார், இருந்தால் அரத்தால் ஒரு விரற்கடை அளவுக்குத் தேய்த்து எடுத்துவிடு. முனை முதுகிலிருந்து மெல்ல இறங்கி வரும் வடிவம் போதும். பற்கள் வெட்டிய விளிம்பு வேண்டாம். பற்களைப் பிடிப்பக்கம்தான் வைப்பார்கள். சீவத் தேவையான இடமே அதுதான்.

உறையைக் கவிழ்த்துப் பிடித்து உதறு. கத்தி விழவே கூடாது. ஒரே கையால் எடுக்கவும் வர வேண்டும். தோல் உறை சத்தமில்லாதது, ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதில் கார்பன் கத்தியை மாதக்கணக்கில் போட்டு வைத்தால் துரு குழி விழும். வீட்டில் வைக்கும்போது கத்தியை வெளியே எடுத்துத் துடைத்து, எண்ணெய் துளி தடவித் தனியே வை. பிளாஸ்டிக் உறை, கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டு உறை இவற்றின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பார். உள்ளே மணல் போனால் அலகைக் கீறும், தண்ணீர் விட்டு அலசு.

வாங்கும்போது இன்னும் இரண்டு சோதனை. விளிம்பை உன் கண்ணுக்கு நேராக வைத்து வெளிச்சத்தில் பார். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அந்த இடம் மழுங்கல். பிறகு பிடிப்பக்கமிருந்து முனைவரை நீளவாக்கில் பார். அலகு நெளியாமல், இரு பக்கச் சரிவும் ஒரே உயரத்தில் வர வேண்டும்.

விறகு பிளப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். நிறுத்தி வைத்த விறகின் தலையில் அலகை வைத்து, முதுகில் தட்டி இறக்குவதுதான் முறை. 10 செ.மீ. அலகுக்கு 6 செ.மீ. குறுக்களவு விறகுதான் எல்லை, ஏனென்றால் மறுபக்கம் மூன்று நான்கு செ.மீ. அலகு நீட்டிக்கொண்டிருந்தால்தான் அதைத் தட்ட முடியும். கணு இல்லாத கட்டையாக எடு. மரக்கட்டையால் மட்டும் தட்டு. கல்லும் சுத்தியலும் முதுகைச் சிதைக்கும். அலகு விறகுக்குக் குறுக்கே மட்டமாக இறங்க வேண்டும். சிக்கிக்கொண்டால் முறுக்காதே, விளிம்பு தெறிப்பதும் முனை முறிவதும் அந்த முறுக்கில்தான். ஒரு மர ஆப்பைப் பிளவில் அடித்து விலக்கி எடு.

தீட்டுவதற்கு ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்ற சொரசொரப்பு எண் கொண்ட கல் ஒன்று போதும்; எண் கூடினால் கல் மென்மையானது. கோணத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கல்லுக்கு மேலே முதுகின் நடுக்கோடு, அலகு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நின்றால் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி. கால் பங்கு என்றால் ஏறத்தாழ 15. அலகு 25 மி.மீ. அகலம் என்றால் 20 டிகிரிக்குச் சுமார் 8.5 மி.மீ. ஸ்காண்டி அல்லாத முகாம் கத்திக்கு 20 வை. விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசி இரண்டு இழுப்பு இழு. மை மேலே மட்டும் அழிந்தால் முதுகைத் தூக்கு, விளிம்பில் மட்டும் அழிந்தால் தாழ்த்து. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். விளிம்பு முழுக்க அது எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அரைகுறையாக மாற்றுவதால்தான் பலருக்குக் கூர் வருவதே இல்லை. கடைசியில் பிசிறு போக, முதுகை முன்னால் வைத்துத் தோல் பட்டையில் பத்துப் பதினைந்து இழுப்பு. மோட்டார் சாணையில் மட்டும் கொடுக்காதே. கார்பன் எஃகுக்குச் சுமார் 200 டிகிரி செல்சியஸில்தான் பதம் போடுகிறார்கள். சாணையில் விளிம்பு நீலம் பாய்ந்தால் சூடு அதையும் தாண்டிவிட்டது, அந்த இடம் மென்மையாகிவிட்டது. தணலைக் கிளறவும் கத்தியைப் பயன்படுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

மகளுக்கு முதலில் உட்காரும் முறையைச் சொல்லிக்கொடு. மடியில் வைத்துச் சீவக் கூடாது, தொடையின் உட்புறத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்கைகளை முழங்கால் மேல் ஊன்றி, கத்தி கால்களுக்கு வெளியே போகும்படி சீவட்டும். கை நீட்டும் தூரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. கைமாற்றும்போது உறையில் போட்டே கொடுக்கட்டும். விமானத்தில் போவதானால் கத்தி கைப்பையில் இருக்கக் கூடாது, விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டிக்குள் போக வேண்டும். போகுமிடத்துச் சட்டத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

பதில் எழுதும்போது ஒரு விவரம் சேர்த்து எழுது. நான்கு விரல்களையும் சேர்த்து வைத்து உள்ளங்கையின் அகலத்தை அளந்து, உன்னுடையதும் மகளுடையதும் எத்தனை செ.மீ. என்று சொல். உன்னுடையது 9 செ.மீ.க்கு மேல் என்றால் கம்பேனியன் பிடியையும் கார்பெர்க் பிடியையும் இரண்டையுமே கையில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்.

அன்புடன்,
உன் நண்பன்