நில உபயோகத்தை மாற்றும் முன் மண்ணைப் பாருங்கள்: சிஎம்டிஏவுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மூன்றாம் பெருந்திட்டத்தைத் தயாரிக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் குரோம்பேட்டைவாசி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோமிய உப்பில் தோல் பதனிட்டார்கள். ஊருக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. பக்கத்துப் பல்லாவரத்திலும் தோல் தொழில் நடந்தது. இன்று எங்கு திரும்பினாலும் வீடும் பள்ளியும்தான். ரயிலில் வந்து இறங்குகிற பலருக்கு இந்தப் பெயர் வந்த கதை தெரியாது. தெரியாவிட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொழிற்சாலை நிலத்தைக் குடியிருப்பாக மாற்றிக் கையெழுத்திடும் உங்களுக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் மட்கிப் போகிற பொருள்கள் அல்ல. பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000இல் நாடு முழுக்க நின்றது. அதற்கு முன் சாலையோரத்தில் படிந்த ஈயம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மழை அதை எளிதில் கழுவிக்கொண்டு போகாது. டயர் தேய்வதால் துத்தநாகமும் பிரேக் தேய்வதால் செம்பும் அதே சாலையோரத்தில் சேருகின்றன. முலாம் பூசும் பட்டறை இருந்த இடத்தில் நிக்கலும் குரோமியமும், பழைய பேட்டரி உடைத்த இடத்தில் ஈயமும் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு மனைகளுக்கு இடையே கூட மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வரலாம். அதனால் வார்டுக்கு ஒரு பிடி மண் எடுத்துச் சராசரி போட்டால் எதுவும் தெரியாது. அந்த மனையில் முன்பு என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுத்தான் மண்ணைத் தோண்ட வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை இருக்கிறது. அங்கே குரோமேட் தயாரித்த ஆலை 1990களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு பல ஆண்டுகளாக அந்த வளாகத்திலேயே கிடந்தது. அதில் இருந்தது தண்ணீரில் கரையும் குரோமியம், அதாவது புற்றுநோய் வரவழைக்கும் வகை. அது நிலத்தடி நீரிலும் இறங்கிவிட்டது.

நம் ஊரில் மண் பரிசோதனை நடக்காமல் இல்லை. அடுக்குமாடி கட்டுகிறவர் துளை போட்டு மண்ணின் தாங்குதிறனைப் பார்க்கிறார். விவசாயிக்குத் தரும் மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம், இரும்பு எல்லாம் இருக்கும், ஈயம் இருக்காது. ஆக, கட்டடம் நிற்குமா, பயிர் வளருமா என்று பார்த்தாகிவிட்டது. அந்த மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கிற குழந்தையைப் பற்றி மட்டும் யாரும் பார்க்கவில்லை. உடலுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறார்கள். அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய ஆலை வளாகத்தில் அடித்தளத்துக்குத் தோண்டுகிற மண் எங்கே போகிறது? லாரியில் ஏறி, வேறெங்கோ பள்ளமான மனையை மேடாக்கப் போகிறது. தொழிற்சாலை பக்கமே போகாத தெருவுக்கும் அதன் மண் இப்படித்தான் வந்து சேருகிறது. இந்த லாரிகளை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்திருக்கிறது. உங்கள் புதிய பெருந்திட்டமோ 2027இலிருந்து 2046 வரைக்கானது. இப்போது விட்டால் அடுத்த வாய்ப்புக்கு இருபது வருடம் காத்திருக்க வேண்டும். அதனால் கேட்கிறேன். தொழிற்சாலை, பட்டறை, குப்பைமேடு என்று இருந்த எந்த நிலத்தையும் குடியிருப்பாகவோ பள்ளியாகவோ பூங்காவாகவோ மாற்றும் முன் கன உலோகப் பரிசோதனையைக் கட்டாயமாக்குங்கள். தோண்டிய மண் வெளியே போவதற்கும் அதே விதி இருக்கட்டும். முடிவுகளை சர்வே எண்ணோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

வீடு வாங்கும்போது முப்பது வருட வில்லங்கச் சான்றிதழை வரி வரியாகப் படித்தேன். அந்த மனை யாரிடம் அடமானத்தில் இருந்தது என்பது வரை அதில் இருந்தது. அந்த மண்ணில் என்ன கொட்டினார்கள் என்று ஒரு வரி இல்லை.

இப்படிக்கு,
குரோம்பேட்டையில் குடியிருக்கும் ஒருவன்