சீசன் ஏற்பாடுகளில் சுகாதாரத்துக்கு முதலிடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை சீசன் நெருங்கும்போதெல்லாம் நீலகிரியில் நடைபெறும் ஆயத்தக் கூட்டங்களைப் பற்றிய செய்திகளில் மலர்க் கண்காட்சி, வாகன நிறுத்தம், ஒருவழிப் பாதை ஆகியவை விரிவாக இடம்பெறுகின்றன. குடிநீர், கழிப்பறை, காய்ச்சல் கண்காணிப்பு ஆகியவை கடைசி வரிக்குப் போய்விடுகின்றன. இந்த வரிசை மாற வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பல மாநில மக்கள் ஒரே சமயத்தில் வந்து குவிய, அவர்கள் திரும்பிய கையோடு தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும் மாவட்டம் இது.

இது புதிய கோரிக்கை அன்று. 1939ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ள நமது பொதுச் சுகாதாரச் சட்டம், சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது. கூட்டம் கூடும் இடத்தில் வாந்திபேதி பரவும் என்பதைப் பட்டு அறிந்திருந்த காலத்தின் சட்டம் அது. வாரக்கணக்கில் நீளும் நமது சீசனையும் அதே கண்டிப்புடன் நடத்த வேண்டும்.

முதலில் குடிநீர். விநியோகம் நின்று குழாயில் அழுத்தம் குறையும்போது, விரிசல்களின் வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். ஆகவே மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்தால் மட்டும் போதாது. கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்கிறதா என்று அங்கேயே அளக்க வேண்டும். மலைவாசிகளான நமக்கு இன்னொரு கவனமும் தேவை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கிருமிகளைக் கொல்ல அந்த வெப்பமும் போதுமானதுதான் என்றாலும், 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு மூன்று நிமிடமாவது விட்டு இறக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். சில உணவகங்களில் கொதித்த நீரில் குழாய்த் தண்ணீரை விளாவி, வெந்நீர் என்று வைக்கிறார்கள். குளிருக்கு இதமாக இருக்கும் அந்தத் தண்ணீர் நோயிலிருந்து காக்காது. அதிகாரிகள் சோதனைக்குச் செல்லும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தடையை மனமார வரவேற்கிறேன். ஆனால் புட்டியைத் தடுத்த நிர்வாகம், சாலையோரக் குடிநீர் இயந்திரங்கள் பழுதின்றி இயங்குவதையும் உறுதிசெய்யக் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்தது காற்று. குளிருக்கு அஞ்சி விடுதி அறைகளிலும் பேருந்துகளிலும் ஜன்னல்களை அடைத்துவிடுவது நமது வழக்கம். ஃப்ளூ காய்ச்சல், தட்டம்மை, காசநோய் ஆகியவை காற்றின் வழியே பரவ இதைவிட வசதி வேண்டியதில்லை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன் வீடுகளில் ஒரே அறையில் பலர் உறங்குகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலையும் குளிரின் மீது பழிபோட்டுவிட்டுச் சளிப் பரிசோதனைக்குப் போகாமல் இருக்கிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் அன்று. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையில் இருக்கும் தொழிலாளியும், சீசனுக்கு மட்டும் சேர்க்கப்பட்ட சமையல் உதவியாளரும் வயிற்றுப்போக்குடனோ காய்ச்சலுடனோ வேலைக்கு வரத்தான் செய்வார்கள். நோயுற்ற நாட்களுக்குக் கூலியுடன் விடுப்பு அளிப்பதுதான் பரவலைத் தடுக்கும் உறுதியான வழி என்பது என் கருத்து. கைகழுவும்படி எழுதிய பலகைகளைவிட அது பலன் தரும்.

கேரளத்தில் 2018ஆம் ஆண்டு நிபா வைரஸ் நோய் பரவியதிலிருந்து, அங்கு அச்சம் எழும்போதெல்லாம் கூடலூர் எல்லைச் சாவடிகளில் காய்ச்சல் பரிசோதனை நடத்துகிறோம். அது தேவைதான். ஆனால் நிபா தொற்றியவருக்கு அறிகுறி தெரியப் பெரும்பாலும் 4 முதல் 14 நாட்கள் ஆகும். அதற்கு முன் சாவடியைக் கடப்பவரை வெப்பமானி காட்டிக்கொடுக்காது. இங்கே அசுத்த நீரைக் குடித்த பயணிக்கு டைபாய்டு வெளிப்படுவதற்குள் அவர் சொந்த ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். நோய் அங்கே பதிவாகும், குழாய் இங்கே கசிந்துகொண்டிருக்கும். எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களுடன் தனியார் மருத்துவமனைகளும் நாள்தோறும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எண்ணிக்கையைத் தெரிவிப்பதும், அண்டை மாவட்டங்களில் கண்டறியப்படும் நோயாளிகளின் பயண விவரம் நமது சுகாதாரத் துறைக்குத் திரும்பி வருவதும் கட்டாயமாக வேண்டும். நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச் சீட்டை வழங்கும்போதே, காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிவைக்குமாறு ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவும் இல்லை.

தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் குன்னூரில் இயங்கிவரும் மாவட்டத்தில் நோய்த்தடுப்பைப் பின்னுக்குத் தள்ளுவது மனத்தை வருத்துகிறது. இந்த ஆண்டு ஆயத்தக் கூட்டத்தின் முதல் பொருளாகக் குடிநீர்ப் பரிசோதனை அமைய வேண்டும். குழாய்வாரியாக அளந்த குளோரின் அளவை நகராட்சிகளும் பேரூராட்சிகளும் வாரந்தோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் சீசன் செய்திகளோடு அந்த அளவுகளைத் தவறாமல் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.