ஐந்துக்குக் கீழே மறைத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி விவரமும் சேர்கிறது. 2011-இல் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை கிராமம், வார்டு வரை வெளியானது. எல்லாச் சாதிகளுக்கும் அப்படியே அட்டவணை போட்டால், சின்ன ஊர்களில் பல கட்டங்களில் 1, 2 என்றுதான் இருக்கும். 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு தனிநபர் படிவத்தை யாரும் பார்க்கவிடாது. சிவில் வழக்கில் சாட்சியமாகவும் ஏற்காது. அட்டவணை வழியாகத் தனிநபர் விவரம் கசிவதை அது தடுக்காது.

கணக்கெடுப்புத் தரவில் யாராவது ஓர் எண்ணிக்கை கேட்டால், அது 5-க்குக் குறையும்போது பதில் தர வேண்டாம் என்பது வழக்கமான யோசனை. 412 பேர் உள்ள ஒரு வார்டில் குறிப்பிட்ட சாதியினர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்றால் 23. அந்தச் சாதி அல்லாத மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்றால் 22. இரண்டுமே 5-க்கு மேல், இரண்டுக்கும் பதில் வரும். கழித்தால் அந்த ஒருவரின் உடல்நிலை வெளியாகிவிடுகிறது. 1979-லேயே கணினி அறிவியலாளர் டோரதி டென்னிங் குழுவினர் எழுதிக் காட்டிய ஓட்டை இது.

பதிலில் சிறு தற்செயல் எண்ணைக் கூட்டியோ கழித்தோ தருவதுதான் வழி. எவ்வளவு தனிநபர் விவரம் கசியலாம் என்பதற்கான அளவு எப்சிலான்; அது குறையக் குறையக் கலக்கும் எண் பெரிதாகும். லாப்லாஸ் பரவலில் (சுழியத்துக்கு அருகே உள்ள எண்களே அதிகம் வரும் தற்செயல் முறை), எப்சிலான் 0.5 என்றால் 100-க்கு 95 தடவை விலகல் 6-க்குள் நிற்கும். மாவட்ட லட்சங்களில் 6 ஒரு பொருட்டே அல்ல. 23-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசமோ அதில் கரைந்துவிடும்.

ஆனால் ஒரே கேள்வியை 400 முறை கேட்டுச் சராசரி எடுத்தால் திட்ட விலகல் ஏறக்குறைய 0.14-க்கு இறங்கி, உண்மை எண் தெரிந்துவிடும். முதல் பதிலைச் சேமித்துத் திரும்பத் தரலாம். கேள்வியை மாற்றிக் கேட்பவரிடம் அது பலிக்காது. ஆகவே எல்லாப் பதில்களுக்கும் சேர்த்து ஒரே எப்சிலான் வரம்பு வேண்டும். ஒவ்வொரு பதிலும் அதிலிருந்து கழிய வேண்டும். அமெரிக்கா 2020 கணக்கெடுப்பின் தொகுதி மறுவரையறைத் தரவுக்கு மொத்தம் 19.61 வைத்தது (தாராளம்தான்!). மாநில மக்கள்தொகை மொத்தம் போன்ற சிலவற்றை மட்டும் மாற்றாமல் விட்டது.

இன்னொன்று: தற்செயல் எண்ணால் -2 என்று வரும் கட்டங்களைச் சுழியம் ஆக்கினால், ஆயிரம் கிராமங்களைக் கூட்டும்போது சிறிய சாதிகளின் தொகை வீங்கிவிடும். மாவட்ட மொத்தத்தைத் தனியாகக் கணித்து வெளியிட வேண்டும். எந்த மொத்தங்கள் துல்லியமாக இருக்கும், எப்சிலான் எவ்வளவு என்பதைக் கணக்கெடுப்பை நடத்தும் பதிவாளர் நாயகம் அட்டவணைகளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும்.

வாசகர்,
திருச்சி